சிவப்பு வரைபடத்துக்கு அப்பால்: யாழ்ப்பாணத் தோட்டக் கிணறுகளும் பசளைக் கணக்கும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரியில் மட்டும் நீர் கொள்ளும் வழுக்கியாற்றை விட்டால் குளமும் கிணறும்தான் கதி. குடிப்பதற்கும் குளிப்பதற்கும் வெங்காயத்துக்கு இறைப்பதற்கும் நிலத்தடி நீரே; பல வளவுகளில் எல்லாவற்றுக்கும் ஒரே கிணறு. அந்த நீரில் தோட்டப் பசளையின் எச்சம் சேர்கிறது என்பது புதிய செய்தியல்ல. வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை 1980களிலேயே ஆய்வாளர்கள் பதிவு செய்துவிட்டார்கள். பின்னர் வந்த ஆய்வேடுகளில் பெரும்பாலானவையும் அதையே வேறு வேறு எண்களில் சொல்கின்றன: வெங்காயம், மிளகாய், புகையிலை, உருளைக்கிழங்கு எனச் செறிவாகப் பயிரிடும் இடங்களில் அளவு கூட, மற்ற இடங்களில் குறைவு.

மாசு உண்டு என்பதை எடுகோளாகக் கொண்டு, அதன் அபாயத்தை மதிப்பிட நாம் பயன்படுத்தும் முறைகள் இந்த மண்ணுக்குப் பொருந்துகின்றனவா என்பதை மட்டும் இக்கட்டுரை பரிசீலிக்கிறது. நிலத்தின் இயல்பை வைத்து நிறந்தீட்டும் வரைபட முறை இங்கே மிகக் குறைவாகவே பேசுகிறது என்பது என் வாதம். எவ்வளவு போடுகிறோம், எப்போது இறங்குகிறது, யார் குடிக்கிறார்கள் என்ற மூன்றையும் கணக்கிடாத மதிப்பீடு இங்கு பயன்தராது.

வரைபடம் சொல்வது என்ன

நிலத்தடி நீர் எளிதில் மாசடையக்கூடிய இடங்களை இனங்காண உலகில் அதிகம் கையாளப்படுவது டிராஸ்டிக் என்ற சுட்டெண். அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்துக்காக 1987இல் வடிவம் பெற்றது. நீர்மட்டத்தின் ஆழம், மீள்நிரப்பு, நீர்தாங்கும் படுகையின் தன்மை, மேல்மண், நிலத்தின் சரிவு, மண்ணுக்கும் நீர்மட்டத்துக்கும் இடைப்பட்ட படை, நீர் ஊடுருவிச் செல்லும் வேகம் என ஏழு காரணிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறை. நீர்மட்ட ஆழத்துக்கு 5, சரிவுக்கு 1 என்பது பொது வடிவம். விவசாய இரசாயனங்களுக்கான தனி வடிவத்தில் மேல்மண்ணின் நிறை 2இலிருந்து 5 ஆகவும், சரிவின் நிறை 1இலிருந்து 3 ஆகவும் ஏறும். புள்ளிகளைப் பெருக்கிக் கூட்டினால் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் கிடைக்கும். எண் கூடக்கூட வரைபடத்தில் சிவப்பு.

இதை வலிகாமத்தில் பொருத்திப் பார்ப்போம். நீர்மட்டம் சில மீற்றர் ஆழத்தில் இருக்கிறது. மேலே மெல்லிய செம்மண், கீழே மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். கல் முழுவதும் வெடிப்பும் கரைந்த குழிகளும். புத்தூர் நிலாவரைக் கிணறு அப்படிக் கரைந்து இடிந்த குழிதான். கீரிமலையில் கடலோரத்தில் ஊறும் நன்னீரும் அதே கல்லின் வழியே வருவதுதான். நிலமோ தட்டை, மழைநீர் ஓடிப்போக வழியின்றி அப்படியே இறங்கும். ஏழு காரணிகளில் ஏறக்குறைய எல்லாமே உச்சப் புள்ளியை நோக்கிப் போகின்றன. கோண்டாவில், உரும்பிராய், சுன்னாகம், ஏழாலை என்று எங்கு கைவைத்தாலும் சிவப்பு.

இந்த முடிவு பிழையல்ல, ஆனால் பயன் குறைந்தது. அடுத்தடுத்த இரண்டு கிணறுகளில் ஒன்றில் நைத்திரேற்று எல்லையைத் தாண்டுவதும் மற்றதில் பாதிக்குக் கீழே நிற்பதும் இங்கு வழமை. அந்த வேறுபாட்டை எல்லாவற்றையும் சிவப்பாகக் காட்டும் படம் விளக்காது. முறையை உருவாக்கியவர்களே இதை 100 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்புகளை ஒப்பிடும் முதற்கட்ட வடிகட்டி என்றுதான் அறிமுகம் செய்தார்கள். 100 ஏக்கர் என்றால் எங்கள் கணக்கில் 1,600 பரப்பு. ஒரு குடும்பம் நாலைந்து பரப்பில் மூன்று போகம் செய்யும் ஊரில் அந்த அளவுகோல் ஓர் ஊரையே விழுங்கிவிடும்.

இன்னொரு குறையும் உண்டு, அது முறையைக் கையாள்பவர்களின் குறை. சுட்டெண்ணைச் சரிபார்க்க அதைக் கிணறுகளின் நைத்திரேற்று அளவோடு ஒப்பிடுவார்கள். பொருந்தாவிட்டால் நிறைகளை மாற்றுவார்கள். பொருந்தியதும் முறை நிறுவப்பட்டது என்று எழுதுவார்கள். நைத்திரேற்று ஏற்கெனவே எங்கே இருக்கிறதோ அதைத் திரும்பச் சொல்லும்படி ஒரு சூத்திரத்தைப் பழக்குவதற்கு மதிப்பீடு என்று பெயர் வைப்பது கொஞ்சம் துணிச்சலான காரியம்.

ஒரு பரப்புக்கு எவ்வளவு தாங்கும்

நிலம் எங்கும் ஒரே மாதிரி இளகியது என்றால், வேறுபாடு மேலே இடப்படும் சுமையில்தான் இருக்க வேண்டும். அதைக் கணக்கிடுவது கடினமல்ல.

யூரியாவில் 46 வீதம் நைதரசன். ஒரு கிலோ நைதரசன் முழுவதும் நைத்திரேற்றாக மாறினால் 4.43 கிலோ வரும். ஒரு பரப்பு என்பது ஏறத்தாழ 253 சதுர மீற்றர். வடகீழ்ப் பருவ மழையில் 300 மில்லிமீற்றர் நிலத்தடிக்குச் சேர்கிறது என்று எடுகோள் வைத்தால், ஒரு பரப்பின் கீழ் இறங்கும் நீர் சுமார் 76,000 லீற்றர். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. அப்படியானால் இந்த நீர் எல்லைக்குள் நிற்க, அதில் 3.8 கிலோ நைத்திரேற்றுக்கு மேல் கரையக் கூடாது. அது 0.86 கிலோ நைதரசன். யூரியாவாகச் சொன்னால் இரண்டு கிலோவுக்கும் சற்றுக் குறைவு.

கவனிக்க வேண்டியது, இது இடப்படும் அளவல்ல, பயிர் எடுத்தது போகக் கழுவுண்டு இறங்கும் அளவு. மூன்று போகத்துக்கும் சேர்த்து ஒரு பரப்பில் இரண்டு கிலோ யூரியாவுக்கு ஈடானது வீணானாலே போதும். வெங்காயத்தின் வேர் ஆழமாகப் போவதில்லை. வாய்க்கால் வெட்டிப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறும்போது வேரைத் தாண்டி இறங்கும் நீர் கணிசம். துலா மிதித்த காலத்தில் இறைப்புக்கு உடம்பே எல்லையாக இருந்தது. இறைப்பு இயந்திரம் வந்தபின் அந்த எல்லை எண்ணெய் விலைக்கு மாறியது. பரிந்துரைக்கு மேலே பசளை போடும் வழக்கமும் சேர்ந்தால் இரண்டு கிலோ என்பது மிகச் சிறிய தொகை.

கணக்கின் மறுபக்கம் அதைவிடச் சுவையானது. லீற்றருக்கு 100 மில்லிகிராம் நைத்திரேற்று உள்ள ஒரு கிணற்றிலிருந்து ஒரு பரப்புக்கு ஒரு பருவத்தில் 500 மில்லிமீற்றர் இறைத்தால், அந்த நீரோடு 12.65 கிலோ நைத்திரேற்று தோட்டத்துக்கு வருகிறது. இது ஆறு கிலோவுக்கு மேற்பட்ட யூரியாவுக்குச் சமம். காசு கொடுத்து வாங்காத பசளை கிணற்றிலேயே கிடக்கிறது. விவசாயி அதை அறியாமல் அதன்மேல் இன்னொரு முறை போடுகிறார். இறைத்த நீரில் ஒரு பகுதி மீண்டும் கிணற்றுக்கே இறங்குவதால், ஒவ்வொரு சுற்றிலும் செறிவு கூடுகிறது. கிணற்று நீரின் நைதரசனைக் கழித்துப் பசளை அளவைச் சொல்லும் பரிந்துரை ஒன்று இருந்தால், அது மாசுக் கட்டுப்பாடாகவும் செலவுக் குறைப்பாகவும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்.

இங்கே இயற்கை விவசாய ஆதரவாளர்களிடம் ஒரு வார்த்தை. நைத்திரேற்றுக்கு யூரியாவா கோழிப்பசளையா என்ற பேதம் தெரியாது. பூவரசங்குழை தாழ்ப்பதும் மாட்டெரு இடுவதும் நைதரசனை மெதுவாக விடுவிக்கும், மண்ணின் பிடிப்பையும் கூட்டும், அதில் ஐயமில்லை. ஆனால் மாரிக்கு முன்பு தோட்டத்தில் கோழிப்பசளையைக் குவித்துவிட்டு அது இயற்கையானது என்பதால் கிணறு தப்பும் என்று நினைப்பது கணக்குக்கு ஒவ்வாது.

பசளையா, மலசலகூடக் குழியா

அடுத்த வாதம் பழையது. கிணற்று நைத்திரேற்று தோட்டத்திலிருந்து வருகிறதா, வீட்டு மலசலகூடக் குழியிலிருந்தா? நெருக்கமாகக் குடியிருக்கும் ஊர்களில் ஒவ்வொரு வளவிலும் ஒரு குழி சுண்ணாம்புக்கல்லுக்குள் கசிகிறது. விவசாயத் திணைக்களத்தார் குழியைக் காட்டுவதும் சுகாதாரத் துறையினர் தோட்டத்தைக் காட்டுவதும் கூட்டங்களில் கேட்டுப் பழகிய காட்சி.

இரண்டையும் பிரித்தறிய அறிவியலிடம் கருவிகள் உண்டு, அவற்றுக்கு எல்லையும் உண்டு. நைதரசன் சமதானி முறையில் இரசாயனப் பசளையின் தடம் சுழியத்தை ஒட்டியும், கழிவுநீரும் விலங்கெருவும் அதைவிட உயர்வாகவும், பெரும்பாலும் ஆயிரத்துக்குப் பத்துக்கு மேலாகவும் விழும். ஆனால் மண்ணில் நைதரசன் ஆவியாகும்போதும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கும்போதும் தடம் இடம்பெயரும். மாட்டெருவும் மலக்கழிவும் ஒரே வீச்சில் விழுவதால் எரு இட்ட தோட்டத்தைக் குழியிலிருந்து பிரிக்க இது உதவாது. குளோரைட்டு விகிதத்தை வைத்துப் பிரிக்கலாம் என்பார்கள். கடல் மூன்று பக்கமும் சூழ்ந்த குடாநாட்டில் குளோரைட்டு கடலிலிருந்தும் வருகிறதே. மலக்கிருமி இருந்தால் குழி கசிகிறது என்று சொல்லலாம். ஆனால் அது பசளையை விடுவிக்கும் சான்றாகாது.

காலம் ஒரு பரிசோதனையை நடத்தியும் பார்த்தது. 1990க்குப் பின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் யூரியா குடாநாட்டுக்குள் வருவது தடுக்கப்பட்டது, வெடிபொருள் செய்ய உதவும் என்ற காரணத்தால். பசளைதான் காரணம் என்றால் அந்த ஆண்டுகளில் நைத்திரேற்று குறைந்திருக்க வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. வாதம் கவர்ச்சியானது. ஆனால் 1995இல் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் இடம்பெயர்ந்தார்கள். வலிகாமம் வடக்கில் பெரும் நிலப்பரப்பு 1990 முதலே ஆளில்லாமல் உயர்பாதுகாப்பு வலயமாகிக் கிடந்தது. பசளை நின்ற இடத்தில் குழியும் நின்றது. இரண்டு காரணிகளும் ஒன்றாகக் குறைந்த பரிசோதனையிலிருந்து எது காரணம் என்று பிரித்தெடுக்க முடியாது. 2021இல் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தபோது நிலைமை வேறு: மக்கள் இருந்த இடத்தில் இருந்தார்கள், பசளை மட்டும் குறைந்தது. ஆயினும் அந்தத் தடை அவ்வாண்டு நவம்பரிலேயே தளர்ந்தது. ஒரு மாரியின் மீள்நிரப்புக்குக்கூட முழுமையாக நிற்கவில்லை. முன்னைய ஆண்டுகளில் மண்ணில் தேங்கிய நைதரசன் அதற்குள் தீர்ந்துவிடாது.

என் கணிப்பில், ஊர்மனைக் கிணற்றுக்கும் தோட்டக் கிணற்றுக்கும் ஒரே விடை தேடுவதில்தான் சர்ச்சை உயிர் வாழ்கிறது. ஊர் நடுவே குழி பிரதானம், தோட்ட வெளியில் பசளை பிரதானம், வளவுக்குள் தோட்டம் உள்ள இடத்தில் இரண்டும். யார்மேல் குற்றம் என்ற விசாரணை முடியும்வரை பசளையைக் குறைக்கக் காத்திருக்கத் தேவையில்லை. அதை வீணாக்காமல் விடுவதால் எவருக்கும் நட்டமில்லை.

காணப்படவில்லை என்ற சொற்றொடர்

நைத்திரேற்றைப் பற்றி இவ்வளவு எழுதலாம், ஏனெனில் அதை அளப்பது மலிவு. கிருமிநாசினி வேறு கதை. ஐரோப்பிய ஒன்றியம் குடிநீரில் ஒரு கிருமிநாசினிக்கு அனுமதிக்கும் அளவு லீற்றருக்கு 0.1 மைக்ரோகிராம், எல்லாம் சேர்ந்து 0.5. நைத்திரேற்றின் எல்லையை விட ஐந்து இலட்சம் மடங்கு நுண்ணியது. நச்சுக் கணக்கை வைத்து வந்ததல்ல இந்த 0.1, குடிநீரில் இவை இருக்கவே கூடாது என்ற கொள்கையின் எண் வடிவம். இதை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டும். அறிக்கையில் பெரும்பாலும் காண்பது காணப்படவில்லை என்ற குறிப்பு. கருவி 1 மைக்ரோகிராமுக்குக் கீழே காணாது என்றால், அந்தக் குறிப்பு ஐரோப்பிய எல்லையின் ஒன்பது மடங்கு இருப்பதையும் மறைக்கலாம். கண்டறியும் எல்லையைக் குறிப்பிடாத அறிக்கையை நான் சான்றாக எடுப்பதில்லை.

அளக்காமலே முன்கணிக்க ஒரு வழி உண்டு. 1989இல் கஸ்டவ்சன் முன்வைத்த சுட்டெண், மருந்து மண்ணில் எத்தனை நாள் நிற்கிறது, மண்ணோடு எவ்வளவு ஒட்டுகிறது என்ற இரண்டையும் சேர்க்கிறது. 2.8க்கு மேல் என்றால் நிலத்தடிக்கு இறங்கும், 1.8க்குக் கீழே என்றால் இறங்காது. பொதுவாக ஏற்கப்பட்ட மதிப்புகளை வைத்தால் காபோபியூரானுக்கு 4.5 வருகிறது, மிளகாயில் சாறுறிஞ்சும் பூச்சிக்கு அடிக்கும் இமிடாகுளோபிரிட்டுக்குச் சுமார் 3.7, குளோர்பைரிபொசுக்கு 0.3, கிளைபோசேற்றுக்குச் சுழியத்துக்கும் கீழே. 2015இல் சிறுநீரக நோயை முன்னிட்டு இலங்கை நாடு முழுவதும் தடை செய்த கிளைபோசேற்று இந்தச் சுட்டெண்ணில் கடைசியில் நிற்பதும், சந்தையில் தாராளமாக நின்ற இமிடாகுளோபிரிட் மேலே நிற்பதும் கவனத்துக்குரியது. எந்த மருந்தைப் பற்றிப் பேசுவது என்பதைப் பரபரப்பு தீர்மானித்தது, மண் தீர்மானிக்கவில்லை.

ஆயினும் இந்தச் சுட்டெண்ணையும் யாழ்ப்பாணத்துக்கு அப்படியே எடுக்க முடியாது. நீர் மண்ணின் ஊடே மெல்ல வடியும் என்ற எடுகோளில் அது நிற்கிறது. வெடிப்பு வழியே ஓடும் நீர் மண்ணோடு ஒட்டும் வாய்ப்பையே கொடுப்பதில்லை. முதல் மழையில் கலங்கி இறங்கும் மண் துகளோடு ஒட்டிய மருந்தும் போகும். எதிர்த்திசையிலும் ஒரு காரணி உண்டு: சுண்ணாம்புக்கல்லின் சற்றே காரமான நீரில் காபோபியூரான், அல்டிகாப் போன்ற காபமேற்றுகள் விரைவாகச் சிதையும். 1979இல் நியூயோர்க்கின் லோங் தீவில் உருளைக்கிழங்குக்கு இட்ட அல்டிகாப் ஆயிரத்துக்கு மேற்பட்ட கிணறுகளில் வெளிப்பட்டதற்கு அங்கிருந்த அமில மணலும் ஒரு காரணம். அங்கும் மருந்து மண்ணில் சிதைந்துவிடும் என்றுதான் முதலில் சொன்னார்கள். எங்கள் கல் காபமேற்றைச் சிதைக்கும். இமிடாகுளோபிரிட்டுக்கு அந்தக் காரம் போதாது.

சுட்டெண் எதற்குள்ளும் அடங்காத ஒரு வழியும் இருக்கிறது, அதைப் பார்க்க ஆய்வுகூடம் வேண்டாம். தோட்டக் கிணற்றடிக்குக் காலையில் போனால் போதும். மருந்துத் தாங்கி கிணற்றுக் கட்டில் இருக்கும். போத்தல் மூடியால் அளந்து ஊற்றி, தொட்டியிலிருந்து நீர் மொண்டு கலக்குவார்கள். அடித்து முடிந்ததும் தாங்கியைக் கழுவிய நீர் கட்டைச் சுற்றிய ஈர நிலத்திலேயே போகும். வெறும் போத்தல்கள் கிளுவை வேலியில் செருகப்பட்டிருக்கும், அடியில் ஒரு துளி இன்னும் மிச்சம் இருக்கும். ஒரு கிராம் மருந்துச் சரக்கு ஒரு கோடி லீற்றர் நீரை ஐரோப்பிய எல்லைக்குக் கொண்டுபோகும். கிணற்றிலிருந்து இருபது அடி தள்ளிக் கலக்க வைப்பது எந்த வரைபடத்தையும் விட மலிவான தடுப்பு.

எண்ணும் பருவமும்

நைத்திரேற்று அளவுகளை ஒப்பிடும்போது ஒரு தொல்லை அடிக்கடி வருகிறது. சிலர் நைத்திரேற்றாகவும் சிலர் நைத்திரேற்றில் உள்ள நைதரசனாகவும் எழுதுகிறார்கள். அமெரிக்க எல்லையான 10 என்பது நைதரசனாக; இந்திய எல்லையான 45 என்பது நைத்திரேற்றாக. இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. அலகு குறிக்காத 12 என்ற எண் ஒரு பத்திரிகையில் பாதுகாப்பானதாகவும் இன்னொன்றில் ஆபத்தானதாகவும் அச்சாவதற்கு இதுவே காரணம்.

மாதிரி எடுக்கும் காலமும் அப்படித்தான். பங்குனியில் எடுத்த மாதிரியையும் கார்த்திகையில் எடுத்ததையும் ஒரே பட்டியலில் போட்டால் வலிகாமம் தேறிவிட்டது என்றும் கெட்டுவிட்டது என்றும் எழுதலாம். மாரி தொடங்கியதும் கோடை முழுவதும் தேங்கியது கழுவுண்டு இறங்கும். மழை நீடித்தால் நீர் கூடி ஐதாகும். ஆண்டுக்கு ஒரு மாதிரி இந்த ஏற்ற இறக்கத்தில் ஏதோ ஒரு புள்ளியைத் தொட்டுவிட்டுப் போகிறது.

யார் குடிக்கிறார்கள்

50 என்ற எல்லை புட்டிப்பால் குடிக்கும் சிசுவை மனத்தில் வைத்து வந்தது. 1945இல் அமெரிக்காவின் அயோவாவில் ஹன்டர் கொம்லி என்ற மருத்துவர், கிணற்று நீரில் பால்மா கரைத்துக் கொடுத்த குழந்தைகள் நீலம் பூத்ததை முதலில் விவரித்தார். நைத்திரேற்று நைத்திரைற்றாகி, குருதி ஒட்சிசனைச் சுமக்கும் திறனைக் கெடுக்கிறது. தாய்ப்பாலூட்டல் வீதம் உயர்ந்த நாடுகளில் இலங்கை ஒன்று. எங்கள் வைத்தியசாலைகளில் இந்த நோய் பேசப்படாததற்கு அது ஒரு காரணமாகலாம். அதைக் கிணற்றுக்கான நற்சான்றாக எடுப்பது தவறு. புற்றுநோய்த் தொடர்பும் திறந்தே இருக்கிறது. 27 இலட்சம் பேரைத் தொடர்ந்த டென்மார்க் ஆய்வு ஒன்று, லீற்றருக்கு 4 மில்லிகிராமுக்கும் குறைவான அளவிலேயே பெருங்குடல் புற்றுநோயின் சாத்தியம் சற்று உயர்வதை 2018இல் காட்டியது. யாழ்ப்பாணத்தில் உணவுக்குழாய்ப் புற்றுநோயை நைத்திரேற்றோடு இணைத்துப் பேசுவோர் வெற்றிலை, புகையிலையின் பங்கைக் கழித்த பின்பே பேச வேண்டும்.

சுன்னாகத்தில் 2014, 2015இல் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது ஊரே தெருவுக்கு வந்தது; வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய் 2019இல் தீர்ப்பானது. எண்ணெய்க்கு மணம் உண்டு, நைத்திரேற்றுக்கு நிறமோ மணமோ சுவையோ இல்லை. கொதிக்க வைத்தாலும் போகாது, நீர் வற்றுவதால் செறிவு சற்றுக் கூடும். குளோரின் போட்டாலும் போகாது. கிளினிக்கில் கொதித்தாறிய நீரில் பால்மா கரைக்கச் சொல்லும் நல்ல அறிவுரை, கிருமிக்கு எதிராகக் காப்பாற்றி இந்த ஒன்றுக்கு எதிராகக் கைவிடுகிறது.

எங்கே முதலில் மாதிரி எடுப்பது என்ற கேள்விக்கு வரைபடம் வேண்டியதில்லை. தன் பிரிவில் எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்த வீட்டில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை, யார் புட்டிப்பால் கொடுக்கிறார் என்பது குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கிறது. யார் எத்தனை பரப்பில் என்ன பயிர் செய்கிறார் என்பது கமநல சேவை நிலையத்தில் இருக்கிறது. இரண்டு பதிவேடுகளையும் ஒரு மேசையில் வைத்துப் பார்த்தால், புட்டிப்பால் குழந்தையும் மூன்று போகத் தோட்டமும் ஒரே கிணற்றைப் பகிரும் வளவுகள் ஒரு பிரிவில் விரல்விட்டு எண்ணக்கூடியவையாகவே இருக்கும். அந்தக் கிணறுகளில் கார்த்திகையிலும் பங்குனியிலும் இரண்டு மாதிரி எடுத்து, அளவு கூடிய வீடுகளுக்குக் குழாய்நீரோ பவுசர் நீரோ கொடுப்பது ஒரு பிரதேச சபையின் வருட வரவுசெலவுக்குள் அடங்கும் வேலை.